பிரின்சிபலின் நியமனக் கடிதம்

கல்முனை,
நவம்பர் 18

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நாலு வருடமாக உங்களுக்குப் போன் எடுக்கிறேன். மணி அடிக்கும், நீங்கள் வெட்டுவீர்கள். இப்போது கோமாரிக்கு மேற்கே வயல் வாடிக் குடிலில் போய் இருப்பதால் மணியும் அடிப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை வெட்ட ஏலாதுதானே.

போன கிளமை றுமானா வந்தாள். "விதைப்புக்கெண்டு போன வாப்பா இன்னும் ஊட்டுக்கு வரல்ல மாமி. அவர்ர கட்டில் விரிச்சபடியே கிடக்கு" என்று சொல்லிவிட்டு அழப்பார்த்தாள். வாளைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன். மதினி மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருடத்துக்குள் மகளுக்குக் கலியாணம் முடித்து வீட்டையும் எழுதிக் கொடுத்தீர்கள். அது நம் ஊர் வழக்கம். வீட்டைக் கொடுத்த வாப்பா காட்டுக்குப் போக வேண்டும் என்று வழக்கம் இல்லை.

இன்னொன்று. நீங்கள் நாய் வளர்க்கிறீர்கள் என்று கோமாரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். நம் குடும்பத்தில் யாரும் நாய் வளர்த்ததில்லை. உண்மையா?

துஆவுடன்,
தங்கச்சி அஸ்பியா


வயல் வாடி,
டிசம்பர் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முழங்கால் இருக்கிறது. வலியும் இருக்கிறது. இருவரும் சேர்ந்தே வரம்பில் நடக்கிறோம்.

கிழமைக்குச் சிறப்பு ழகரம். வாழைப்பழத்துக்கும் அதுவே. உனக்குத் தமிழ் படிப்பித்தவர்கள் எல்லோரும் பதவி உயர்வு பெற்றே ஓய்வு பெற்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

நான் ஏன் போனை வெட்டுகிறேன் என்று தெரியாதவள்போல் எழுதியிருக்கிறாய். உன் மகளின் கலியாணத்தில், ஆறு பேர் ஒரே தட்டில் கை போட்டுத் தின்னும் சகனில், என்னைக் கொண்டுபோய் உன் புருசன் றஸாக்கின் மூத்த சகோதரர் நளீமுக்குப் பக்கத்தில் இருத்தினாய். என்னைவிட இரண்டு வருடம் பிந்திச் சேவைக்கு வந்து, என் பாடசாலையிலேயே எனக்கு மேலே அதிபராக, அதாவது பிரின்சிபலாக, அமர்ந்த மனிதர். பன்னிரண்டு வருடம் அவர் ஒப்பமிட்ட பாட நேரசூசியில் வேலை செய்தேன். அவர் பிய்த்து வைக்கும் கோழியையும் நான் தின்ன வேண்டுமா? எழுந்து போனேன். இன்னும் உட்காரவில்லை.

நாய் விஷயம். நான் நாய் வளர்க்கவில்லை. விதைத்த மூன்றாம் நாள் ஒன்று வந்தது. மண்ணிறம். இடது காதில் பாதிதான் இருக்கிறது. மீதியை எந்த மிருகம் கொண்டுபோனதோ. போ என்றேன், போகவில்லை. வேளாண்மைக் காவலுக்கு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு, மௌலவியிடம் கேட்டுப் பார். ஆகவே அது இங்கே ஓர் ஊழியர். நான் அதைத் தொடுவதில்லை. வாடிக்குள் விடுவதில்லை. மிஞ்சும் சோற்றை வாசலில் கொட்டுகிறேன். அதை யார் தின்கிறார்கள் என்று நின்று பார்ப்பதில்லை. பெயரும் வைக்கவில்லை.

பெயரை வைத்தவர் அடுத்த வயல்காரர் நல்லரெத்தினம், ஆலையடிவேம்பு ஆள். அவரிடம் மூன்று நாய். ஒரு நாள் வரம்பில் நின்று கேட்டார்:

"மாஸ்டர், நாய்க்கு என்ன பேர்?"

"பேர் இல்லை."

"பேர் இல்லாம என்னெண்டு கூப்பிடுற? பாருங்க, நீங்க சேத்துக்க நிண்டு மாயுறீங்க. அது வரம்பில கிடந்து பாத்துக்கு இருக்கு. அப்ப அதுதான் பிரின்சிபல்."

எனக்கும் பிரின்சிபல்மாருக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். மறுநாளே வயல் வட்டை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

றுமானாவிடம் நான் சுகம் என்று சொல்.

முஸ்தாக்


கல்முனை,
டிசம்பர் 20

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நீங்களும் முழங்காலும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

உங்கள் கடிதத்தை றஸாக்குக்கு வாசித்துக் காட்டினேன். பிரின்சிபல் என்ற இடத்தில் அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். தன் நானாவைப் பற்றி என்பதால் வீட்டுக்குள் சிரிக்கவில்லை. நளீம் மச்சானுக்கு இது தெரியாது. தெரியவராது.

சகன் விஷயத்தில் நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை.

மழை பலமாக இருக்கும் என்கிறார்கள். இத்தோடு பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்புகிறேன். சம்பலுக்குக் கருவாட்டுத் தலை, இரண்டு கிலோ. உங்களுக்குத்தான்.

மௌலவியிடம் கேட்டேன். நீங்கள் சொன்னது சரிதான். வேளாண்மை நிற்கும்வரை.

அஸ்பியா


வயல் வாடி,
ஜனவரி 9

தங்கச்சிக்கு,

ஸலாம். இரண்டு கிலோ கருவாட்டுத் தலை கிடைத்தது. அத்தனையையும் சம்பல் அரைத்தால் கோமாரிச் சந்திவரை பந்தி வைக்கலாம். ஆனால் எதுவும் வீணாகவில்லை.

மழை வெள்ளம் மூன்று நாள் வரம்பைத் தாண்டி ஓடியது. வேளாண்மை தப்பிவிட்டது. காவல்காரரின் திறமையைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

திங்கட்கிழமை அஸர் தொழுதுவிட்டு வாடி வாசலில் இருந்தேன். காட்டு விளிம்பில் ஒற்றை யானை ஒன்று புல் பிடுங்கிக்கொண்டு நின்றது. அதன்பாட்டில் நின்றது. பிரின்சிபலுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து போய் அதன் முன்காலுக்குப் பக்கத்தில் நின்று குரைத்தது. யானை ஒருமுறை காதை விரித்தது. அவ்வளவுதான். நாய் வாலை உள்ளே சுருட்டிக்கொண்டு ஓட்டம் எடுத்தது. எங்கே? காட்டுக்கா? குளத்துக்கா? நேரே என்னிடம்! பின்னால் யானை.

எப்படிப் பரணில் ஏறினேன் என்று தெரியாது. முழங்கால் அன்று வலிக்கவேயில்லை. நாய் பரணுக்குக் கீழே விறகுக்குள் புகுந்துகொண்டது. யானை வந்து வாடியின் கிடுகை இழுத்துப் போட்டு, என் அரிசி மூட்டையை வெளியே எடுத்து, ஆறுதலாகத் தின்றது. இரண்டு வயல் தள்ளி, தன் பரணில் இருந்துகொண்டு நல்லரெத்தினம் கத்துகிறார்:

"மாஸ்டர்! பிரின்சிபல் விருந்தாளியக் கூட்டிக்கு வந்திருக்கார்! தேத்தண்ணி போடுங்க!"

"வெடி கொளுத்துங்க நல்லரெத்தினம்!"

"இருங்க, அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். பாதியில எழுப்பினாக் கோவம் வரும்!"

யானை போன பிறகு விறகுக்குள்ளிருந்து நாய் வெளியே வந்தது. யானை போன திசையைப் பார்த்து, அது தன்னால்தான் போனதுபோல், இரண்டு தரம் குரைத்தது. இப்படித்தான் நிர்வாகம் செய்கிறார்கள்.

அரிசி வாங்கிவிட்டேன். ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

முஸ்தாக்


கல்முனை,
ஜனவரி 30

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நீங்கள் பரணில் ஏறியதைக் கேட்டு றுமானா சிரிக்கவும் அழவும் தொடங்கிவிட்டாள். முர்ஷித் அடுத்த நாளே பஸ் ஏறப் பார்த்தான். நான்தான் மறித்தேன். நீங்கள் மருமகனை யானையைவிடக் கடுமையாக விரட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அரிசி அனுப்பவில்லை. மாட்டெலும்பு அனுப்பியிருக்கிறேன். சூப் வைத்துக் குடியுங்கள். எலும்பை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அறுவடை எப்போது? அறுவடை முடிந்தால் வீட்டுக்கு வருவீர்கள்தானே? அப்போது அந்த ஊழியர்?

அஸ்பியா


வயல் வாடி,
பெப்ரவரி 25

தங்கச்சிக்கு,

ஸலாம். பதில் சுணங்கிவிட்டது. அறுவடை வேலை.

நல்லரெத்தினத்தின் மூத்த நாய் வீரன் போய்விட்டது. குளக்கட்டில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. தண்ணீர் ஒருமுறை கலங்கியது. மறுபடியும் பார்த்தபோது கரையில் நாய் இல்லை, குளத்தில் முதலையும் இல்லை. எதுவும் நடக்காததுபோல் ஆம்பல் மட்டும் ஆடிக்கொண்டு நின்றது. நல்லரெத்தினம் அன்று முழுக்கப் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை.

நம் ஊழியர் குளத்தில் குடிப்பதே இல்லை. மாட்டுக் குளம்படியில் தேங்கும் தண்ணீரைத்தான் நக்கும். அரைக் காது படிப்பித்த பாடமாக இருக்கலாம்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நேற்று இயந்திரம் வந்தது. நாளை மறுநாள் என் வயலும் அறுத்த வெறும் தாள். அறுவடை முடிந்தால் வட்டையில் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் சோறு இல்லை. சோறில்லாத நாய் எலிக்கும் முயலுக்கும் காட்டு விளிம்புக்குப் போகும். அங்கே சிறுத்தைப் புலி இருக்கிறது. மானைத் துரத்துவதைவிட அதற்கு நாய் சுலபம். நல்லரெத்தினம் சொன்னார்:

"போன வருசம் இந்த வயல் கண்டத்தில ஏழு நாயை விட்டிட்டுப் போனாங்க மாஸ்டர். ஐப்பசியில விதைக்க வந்து பாத்தா ஒரு குரைப்புச் சத்தம் இல்ல."

"உங்கட ரெண்டும்?"

"ஊருக்குக் கொண்டு போறன். மூணாவது ஒண்டு கொண்டு போனா என்ட மனுசி என்னைத்தான் இங்க அனுப்புவா."

கல்முனைக்கு நான் கொண்டுவர முடியாது. வீடு றுமானாவுடையது. முர்ஷித் நல்ல பிள்ளை, என் அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். நான் கட்டிய வீட்டில் என் கதவை ஒருவன் அவ்வளவு மரியாதையாகத் தட்டுகிறான். அங்கே நாயையும் கூட்டிக்கொண்டு போய் நிற்க எனக்கு முகமில்லை. அதோடு காவல் முடிந்தால் அனுமதியும் முடிந்தது. காரணமில்லாமல் நாய் வைத்திருப்பவனின் நன்மை ஒவ்வொரு நாளும் குறையும். என் கணக்கில் குறைக்க அவ்வளவு இல்லை.

ஆகவே அதன் நியமனம் இந்த மாதத்தோடு முடிகிறது. பிறகு அதன் பாடு.

முஸ்தாக்


கல்முனை,
மார்ச் 5

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். வீரனுக்காக நல்லரெத்தினம் அண்ணனிடம் நான் கவலைப்பட்டதாகச் சொல்லுங்கள்.

தலைப்பிறைக்கு முன் வீட்டுக்கு வாருங்கள். நோன்பு காலத்தில் தனியே இருக்க வேண்டாம். கடைசி வாக்கியத்தில் பேனையை அழுத்தி எழுதியிருந்தீர்கள். தாள் கிழிந்துவிட்டது.

அஸ்பியா


வயல் வாடி,
மார்ச் 13

தங்கச்சிக்கு,

ஸலாம். நேற்று முதல் நோன்பு. பாங்குச் சத்தம் இங்கே எட்டாது. சூரியனையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்து நோன்பு திறந்தேன்.

இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்பாய். வைக்கோல் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டி முடிந்தது. வேலியும் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலி நல்லபடி இருக்கிறது.

கடைசி உழவு இயந்திரம் போன அன்று பிரின்சிபல் அதன் பின்னால் சந்திவரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, நான் போகிறேனா என்று பார்த்தபடி வாசலில் படுத்தது. மூட்டை கட்டினேன். அவிழ்த்தேன்.

நேற்றுக் காலை வாடியைச் சுற்றிப் புலியின் அடி. என் உள்ளங்கை அளவு. ஒருமுறை சுற்றவில்லை, மூன்று முறை சுற்றியிருக்கிறது. நாயை வாடிக்குள் விட வேண்டியதாயிற்று. ஒரு தடவைதான். இரண்டு தடவை.

எத்தனை நாளுக்கு இப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. நான் ஒரு நாள் போனால் அது ஒரு கிழமை தாங்காது. உனக்கு எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதினேன்.

முஸ்தாக்


கல்முனை,
மார்ச் 20

காக்கா,

ஸலாம். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு இருக்காமல் உடனே பதில் போடுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன். தபாலில் போட்டால் சுணங்கும் என்று நேற்று நளீம் மச்சானிடம் கொடுத்தனுப்பினேன். பொத்துவிலுக்கு ஒரு ஜனாசா அடக்கத்துக்குப் போவதாக அவரே சொன்னார். மோட்டார் சைக்கிளில் போனவர் ளுஹர் தொழுகை நேரம் ஆகியும் போன் எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தாரா என்று அறிய, மீன்காரனிடம் நம்பர் வாங்கி றஸாக் நல்லரெத்தினம் அண்ணனுக்கு எடுத்தார்; அங்கே சிக்னல் இல்லாவிட்டாலும் ஒருமுறை கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். நடந்த கதை இதுதான்:

"பிரின்சிபல் அங்க வந்து சேந்திட்டாரா?" என்றார் றஸாக்.

"ஐயோ, பிரின்சிபல் கிணத்துக்க கிடக்கார்!"

"என்ன?"

"விழுந்திட்டார்! மாஸ்டரும் இறங்கிட்டார்! நான் கயித்துக்கு ஓடுறன்!"

அதோடு அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நளீம் மச்சானின் பெண்சாதி ஸப்னா முக்காடும் சரியாகப் போடாமல் ஓடி வந்தாள். "உங்கட காக்கா என்ட மாப்பிள்ளையக் கிணத்துக்க தள்ளிட்டார் புள்ள!" என்று ஒப்பாரி. "தள்ளியிருக்க மாட்டார்" என்று நான் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள், என் குரலில் உறுதி இருக்கவில்லை. றஸாக் வேன் பிடித்து, கயிறு ஏற்றி, ஸப்னாவையும் ஏற்றிவிட்டுப் புறப்படும்போது, வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நளீம் மச்சான்! தலையில் மண். இடுப்பில் உங்கள் பச்சைக் கோடு போட்ட சாரன்!

ஸப்னா அவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவரோ உள்ளே போய் உட்கார்ந்து, பாங்கு சொன்னதும் கஞ்சியைக் குடித்து நோன்பு திறந்தார். கேட்டால், "அஸ்பியா, அத உன்ட காக்காக்கிட்டக் கேளு" என்கிறார். சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரிக்கிறார்.

என்ன நடந்தது?

அஸ்பியா


வயல் வாடி,
மார்ச் 22

தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் காக்கா யாரையும் கிணற்றில் தள்ளவில்லை. உன் குரலில் உறுதி இருக்கவில்லை என்பதை மட்டும் மனதில் குறித்து வைத்திருக்கிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். செவ்வாய் காலை பிரின்சிபலைக் காணவில்லை. சோறு கொட்டிய இடத்தில் சோறு அப்படியே கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் வாயால் சொல்லக் கசந்த பதவிப் பெயரைக் காடு கேட்கக் கத்திக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்தேன். வயல் முடியும் இடத்தில், உன் மேட்டுக் காணி ஓரத்தில், மணலில் புலியின் அடி, பாய்ந்த தடம். அதன் முன்னே நாயின் அடி. பிறகு நாயின் அடி இல்லை. நான் அந்த மணலில் குந்திவிட்டேன்.

மாடு பார்க்க வந்த நல்லரெத்தினம்தான் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நளீம் என் முன்னால் வந்து நிற்கிறார். நான் முகத்தைத் துடைப்பதற்குள் தூரத்திலிருந்து குரல்:

"மாஸ்டர்! ஓடி வாங்க! பிரின்சிபல் கிணத்துக்க!"

நளீம் திடுக்கிட்டுத் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் இங்கதானே நிக்கிறன்" என்றார்.

விளக்கம் சொல்ல நேரமில்லை, ஓடினேன். அவரும் ஓடி வந்தார். உன் காணியின் சுற்றுக்கட்டு இல்லாத பழைய கிணறு. புலிக்குப் பயந்து ஓடிய நாய் அதற்குள் விழுந்து, உடைந்த கல் ஒன்றில் முன்காலைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றது. தலை மட்டும் தெரிந்தது, ஒன்றரைக் காதோடு. நல்லரெத்தினம் கயிற்றுக்கு ஓடினார். அவர் நாலடி வைப்பதற்குள் நான் பொறுக்காமல் வேரைப் பிடித்து இறங்கிவிட்டேன். இடுப்பளவு தண்ணீர். நாய் நீந்தி வந்து என் தோளில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நனைந்த நாய், நோன்பு பிடித்த மனிதன், ஏசவும் முடியாது.

கயிறு வந்தது. நல்லரெத்தினத்துக்கு என்னை ஒற்றைக்கு இழுக்க முடியவில்லை. நளீம் சேர்ட்டின் கையை மடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். மேலே வந்ததும் நாய் நன்றியோடு அவருக்குப் பக்கத்தில் நின்று உடம்பை ஓர் உதறு உதறியது. தலையிலிருந்து கால்வரை அவரும் நனைந்தார்.

"இதுக்கா பிரின்சிபல் எண்டு பேர்?" என்று கேட்டார்.

"நான் வைக்கல்ல" என்றேன்.

"சம்பளம்?"

"கருவாட்டுத் தலை."

"பரவால்ல. எனக்கிட்ட வேலை செஞ்ச ஆக்களுக்கு அதுவும் குடுக்கேலாமப் போயிற்று."

பிறகு கழுவுதல். நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீர். நல்லரெத்தினம் வாளியில் அள்ளி அள்ளி ஊற்ற, நானும் நளீமும் வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தோம். அவர் பரீட்சை மண்டபத்தில் எண்ணுவதுபோல் உரக்க எண்ணினார்.

"அஞ்சு."

"நாலு" என்றேன்.

"அஞ்சு மச்சான். மண் தண்ணிய விட்டிட்டீங்க."

"மண் தண்ணி ரெண்டாவது. சேத்துத்தான் சொல்றன். நாலு."

நல்லரெத்தினம் இருவரையும் பார்த்தார். "எனக்குத் தெரியா. முதல்ல இருந்து ஊத்தட்டா?"

முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை மூன்றாவது வாளியோடு நளீம் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தக் கலியாணத்தில உங்கள என்ட சகன்ல இருத்தச் சொல்லி அஸ்பியாக்கிட்டக் கேட்டது நான்தான். ஆறு பேருக்கு முன்னால மாப்புக் கேப்பமெண்டு நினைச்சன். நீங்க எழும்பிட்டீங்க."

நல்லரெத்தினம் வாளியோடு நின்றார்.

"நாலு" என்றேன். "ஊத்துங்க."

அவருக்கு மாற்றுச் சாரன் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. நாலு வருடமாக நீ இதை ஏன் சொல்லவில்லை?

நீ கொடுத்தனுப்பிய கடிதம் அவருடைய சேர்ட் பையில் இருந்தது. நாய் உதறிய தண்ணீரில் மை கரைந்துவிட்டது. தாளை ஏழு தடவை கழுவ முடியாது. 'கச்சான்' என்றும் 'பன்றி' என்றும் இரண்டு சொல் மட்டும் தெரிகிறது. இரண்டிலும் பிழையில்லை. என்ன எழுதியிருந்தாய்?

முஸ்தாக்


கல்முனை,
மார்ச் 25

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நீங்களும் அங்கே உள்ள எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எல்லோரும் என்றால் எல்லோரும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்ல? மணி அடித்தால் வெட்டுவீர்கள். கடிதம் எழுதத் தொடங்கிய பிறகு, தானே நேரில் சொல்ல வேண்டும் என்று நளீம் மச்சான் என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார். அன்று ஜனாசா என்று சொன்னாரே, பொத்துவிலில் யாரும் மௌத்தாகவில்லை.

கரைந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். எனக்குக் கொஞ்ச நாளாகக் கச்சான் கடலை தின்ன ஆசையாக இருக்கிறது. கடைக் கச்சான் வேண்டாம், என் காணிக் கச்சான். வாப்பா எனக்குத் தந்த அந்த மேட்டுக் காணி சும்மாதானே கிடக்கிறது. பக்கத்தில் கிணறும் உண்டு. நீங்கள் அதில் கச்சான் போட்டுத் தர வேண்டும். விதை றஸாக் கொண்டுவருவார். ஆனால் கச்சானுக்குப் பன்றி விடாது என்கிறார்கள். நீங்கள் ஒற்றை ஆளாகக் காவல் காக்க முடியாது. துணைக்கு ஒரு காவல் கட்டாயம் வேண்டுமாம். மௌலவியிடமும் கேட்டுவிட்டேன்.

கச்சான் பிடுங்க நாலு மாதம். அதன் பிறகு சோளம் தின்ன ஆசை வரும்போல் தெரிகிறது. சோளம் முடிய விதைப்பு வந்துவிடும்.

கிணற்றுக்குக் கட்டுப் போட மேசனை அனுப்புகிறேன். பெருநாளுக்கு வீட்டுக்கு வாருங்கள்.

அஸ்பியா


வயல் வாடி,
ஏப்ரல் 5

அன்புள்ள தங்கச்சி அஸ்பியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். முழங்கால் பரவாயில்லை. நீயும் றஸாக்கும் பிள்ளைகளும் நலமாக இருக்க நோன்பு திறக்கும் நேரத்தில் துஆச் செய்கிறேன்.

உனக்குப் பத்து வயதிலிருந்து கச்சான் என்றால் வயிற்றில் பொருமல். வாப்பா கச்சான் வாங்கி வந்தால் உன் பங்கையும் நான்தான் தின்பேன். அதை நான் மறந்திருப்பேன் என்று நினைத்து எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதியிருக்கிறாய். முழுக் கடிதத்திலும் ஒரு பிழைகூட இல்லை.

போன வெள்ளிக்கிழமை விதை போட்டோம். இன்று காலை பார்த்தேன், வரிசை வரிசையாக மண்ணை வெடித்துக்கொண்டு முளை. பிரின்சிபல் முதல் நாளே இரண்டு வரிசையைக் கிளறிப் போட்டது. பன்றி வருவதற்கு முன்னால் பன்றியின் வேலையைச் செய்து காட்டியிருக்கிறது. ஏசினேன். அதன் பிறகு காணியின் ஓரமாகத்தான் நடக்கிறது. மேசன் வந்து கிணற்றுக்கு இடுப்புயரம் கட்டுப் போட்டுவிட்டான். வாடிக்கும் பலகைக் கதவு அடித்துத் தந்தான். புலி இரண்டு தரம் வந்து சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. இருட்ட முன் இருவரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறோம்.

நளீமை நான் மன்னித்துவிட்டேன் என்று யாருக்கும் சொல்லாதே. பன்னிரண்டு வருட நேரசூசி ஒரு வாளித் தண்ணீரில் கரையாது. அவர் அன்று எண்ணியது சரிதான் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அதை மட்டும் சொல்லலாம். என் சாரன் அவரிடம் இருக்கிறது.

பெருநாளுக்கு நான் வீட்டுக்கு வர முடியாது. முளைவிட்ட கச்சானை விட்டுவிட்டு வரமுடியாது என்பது உனக்கே தெரியும், காணிக்காரி நீதான். ஆகவே நீங்கள் வாருங்கள். நீ, றஸாக், பிள்ளைகள், றுமானா, முர்ஷித். நளீமும் ஸப்னாவும் வருவதென்றால் வரட்டும். முர்ஷிதிடம் சொல், இங்கே கதவைத் தட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டு வரலாம். நல்லரெத்தினம் தன் தோட்டத்துப் பூசணியும், மனுசி சுட்ட முறுக்கும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டிறைச்சி ஆணம் நான் வைப்பேன். பாய் போதாது, இரண்டு கொண்டு வா.

வேனைக் கோமாரிச் சந்தியில் திருப்பி, வண்டிப் பாதையால் நேரே வரச் சொல். கச்சான் காணி வந்ததும் ஒன்று குரைத்துக்கொண்டு வேனுக்கு முன்னால் ஓடி வரும். பிள்ளைகளைப் பயப்பட வேண்டாம் என்று சொல். அது என்னுடைய நாய்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
காக்கா